கிறிஸ்டியன் ஹோம்ஸ்கூல் கரிக்குலம் மாத்தணும், நடு வருஷத்துல மாத்தலாமா?

கொடுங்கையூர்_அம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் மொத தடவ எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

எங்களுக்கு ரெண்டு பசங்க. பெரியவனுக்கு 11, சின்னவளுக்கு 8. கொரோனால ஸ்கூல் மூடினப்போ பெரியவன வீட்டுல வச்சு சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சது, அப்படியே பழகிப்போச்சு, திரும்ப அனுப்பவே இல்ல. சர்ச்சுல ஒரு சிஸ்டர் சொல்லி அமெரிக்காலேர்ந்து வர்ற கிறிஸ்டியன் கரிக்குலம் ஒண்ணு எடுத்தோம். பேரு போடல, போட்டா அதுக்கு ஒரு கோஷ்டி இதுக்கு ஒரு கோஷ்டின்னு இங்க சண்டை வந்துடும். சின்ன சின்ன புக்கா வரும், பிள்ளை தானே படிச்சு, தானே கோடிட்ட இடத்த நிரப்பி, தானே ஆன்சர் பாத்து திருத்திக்கணும், அந்த டைப். நான் வீட்டுலயே டைலரிங் பண்றேன், அவரு ஹார்பர்ல ஷிஃப்ட் வேலை, அதனால பசங்க தானே படிச்சுக்கறது எனக்கு ரொம்ப வசதியா இருந்துச்சுன்னு ஒத்துக்கறேன்.

இப்ப என்னன்னா மார்க் எல்லாம் 90க்கு மேல. ஆனா போன மாசம் அவங்க அத்தைக்கு நாலு வரி லெட்டர் எழுதுடான்னு சொன்னேன், அரை மணி நேரம் பேனாவ கடிச்சிட்டு உக்காந்திருந்தான். அவனுக்கு வார்த்தை தெரியுது, வாக்கியம் வரல. கேள்வி கேட்டா ஒரு வார்த்தைல பதில், அதுக்கு மேல வாயே திறக்க மாட்டேங்கறான்.

சின்னவ கதை வேற. அவளுக்கு கணக்குல காசு பாடம் முழுக்க அமெரிக்கா காசு. ஒரு நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்திருக்காங்க, இவ ஓடி வந்து "ஆயா, நாலு குவாட்டர் சேந்தா ஒரு டாலர்"ன்னு சத்தமா ஒப்பிக்கறா. எங்க மாமியாருக்கு தூக்கிவாரிப் போட்டுடுச்சு. நான் சிரிக்கறதா அழறதா தெரியல. பெரியவன் ஒரு லட்சத்த நம்மூரு மாதிரி 1,00,000ன்னு எழுதினா கமா தப்பான எடத்துல இருக்குங்கறான்.

ஆனா நான் இங்க எழுத வந்ததுக்கு காரணம் அதெல்லாம் இல்ல. குடும்ப ஜெபத்துல மாமனார் அவன்கிட்ட தமிழ் பைபிள குடுத்து ஒரு அதிகாரம் வாசிடான்னாரு. எழுத்து எழுத்தா கூட்டி ரெண்டு வசனம் போனான், அப்புறம் போன எடுத்து இங்கிலீஷ்ல வாசிச்சு முடிச்சான். மாமனார் பின்னி துணி மில்லுல வேலை பாத்தவரு, எட்டாவதுதான் படிச்சாரு, ஆனா சங்கீதத்துல பாதி பாக்காம சொல்லுவாரு. அன்னைக்கு அவரு ஒண்ணுமே சொல்லல. திட்டியிருந்தா கூட பரவால்ல.

அதனால மாத்திடலாம்னு இருக்கேன். அபெக்காவா, சன்லைட்டா, இல்ல நெட்டுல ஃப்ரீயா இருக்கறது எதாவதா? வாங்கி வச்ச புக்கு இன்னும் பாதி மீதி இருக்கு, அத என்ன பண்றது? பத்தாவது எழுதறப்போ எதுவும் பிரச்சனை வருமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வியாசர்பாடி_பிரதர்

சிஸ்டர், நாங்க எடுக்கறது ஏசிஇ, அதாவது ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன், ஏழு வருஷமா ஓடுது, ரெண்டு பசங்க. நீங்க வச்சிருக்கறது எதுன்னு நான் கேக்கல, ஆனா இந்த சின்ன புக்கு முறை எனக்கு நல்லா தெரியும் அதனால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆன்சர் புக்கு உங்க வீட்டுல எங்க இருக்கு?

ஏசிஇ 1970ல டெக்சாஸ்ல டொனால்ட் ஹோவர்டுன்னு ஒரு போதகர் ஆரம்பிச்சது. ஒரு பாடத்துக்கு வருஷத்துக்கு 12 புக்கு, அதத்தான் பேஸ்னு சொல்றோம். அஞ்சு பாடம்னா 60 பேஸ். பிள்ளை தானே திருத்தறதுதான் அதுல முறை, ஆனா எழுதற எடத்துல ஸ்கோர் கீ, அதான் ஆன்சர் புக்கு, இருக்கவே கூடாது. ஒரு பக்கம் எழுதி முடிச்சு, எழுதின பேனாவ அங்கயே வச்சிட்டு, எந்திரிச்சு வேற மேஜைக்கு போய் சிவப்பு பேனால திருத்தணும், தப்புன்னா திரும்ப சீட்டுக்கு வந்து யோசிச்சு மாத்தணும். கடைசி டெஸ்ட்டோட ஆன்சர் பெரியவங்க கைல மட்டும்தான். எங்க வீட்டுல ஸ்கோர் கீ பீரோ மேல இருக்கும், கேட்டாத்தான் எடுத்துத் தருவேன். புக்கு முடிச்ச அன்னைக்கே டெஸ்ட் கிடையாது, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து மறுநாள் காலைலதான். 80க்கு கீழ வந்தா அந்த பேஸ் மறுபடியும் மொதல்லேர்ந்து.

இது இல்லாம ஓட்டினா பையனுக்கு 90 என்ன 100 கூட வரும். எங்க பெரியவன் அப்படித்தான் ரெண்டாவது வருஷம் முழுக்க எங்கள ஏமாத்தினான், அது என் தப்பு, நான் ஆட்டோ ஓட்டிட்டு வந்து படுத்துடுவேன். புக்க மாத்தறதுக்கு முன்னாடி அவனுக்கு நிஜமா எது வரை தெரியும்னு பாருங்க. ஏசிஇல டயக்னாஸ்டிக் டெஸ்ட்னு இருக்கு, 1001லேர்ந்து நம்பர் போகும், அஞ்சாவது லெவல்னா 1049லேர்ந்து 1060. வயசுக்கு இந்த நம்பர்ல இருக்கணும்னு ஒண்ணும் இல்ல, ஓட்டை எங்க இருக்கோ அந்த புக்குலேர்ந்து ஆரம்பிப்பாங்க. நீங்களும் பழைய புக்கோட டெஸ்ட்ட எடுத்து உங்க முன்னாடி உக்கார வச்சு எழுத வைங்க, தெரிஞ்சுடும்.

அந்த லெட்டர் எழுதறது மட்டும் நீங்க சொல்றது சரிதான். கோடிட்ட இடத்த நிரப்பியே வளந்த பசங்களுக்கு அது தானா வராது. நாங்க தனியா ஒரு நோட்டு போட்டு தினம் அரை பக்கம் எழுத வைக்கறோம்.

பெரம்பூர்_டீச்சரம்மா

பிரதர் ஸ்கோர் கீ பத்தி சொன்னது நூத்துக்கு நூறு. நான் அபெக்கா பத்தி சொல்றேன், மூணு வருஷம் எடுத்தேன், அதுக்கு முன்னாடி நர்சரி ஸ்கூல்ல டீச்சரா இருந்தவ.

அபெக்கா நீங்க இப்ப பண்றதுக்கு நேர் எதிர். 1972ல ஃப்ளோரிடா பென்சகோலால ஒரு கிறிஸ்டியன் ஸ்கூலுக்காக வந்தது, அதனால ஸ்கூல் மாதிரியேதான் இருக்கும், ஒரு டீச்சர் போர்டு முன்னாடி நிக்கணும். ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தோட சத்தத்த வச்சு வாசிக்கப் பழக்கறது, அவ்ளோ பலம், கூட்டெழுத்த சின்ன கிளாஸ்லயே ஆரம்பிச்சுடுவாங்க, கணக்குல பழசையே திரும்பத் திரும்ப கொண்டு வருவாங்க, நேரம் வச்சு வேகமா போடற டிரில் இருக்கும். எம் பொண்ணு கையெழுத்த பாத்து எல்லாரும் கேப்பாங்க. ஆனா சிஸ்டர், உங்களுக்கு ரெண்டு பிள்ளை, ரெண்டு வேற கிளாஸ், கணக்கு தனித்தனி, இங்கிலீஷ் தனித்தனி, ஒவ்வொண்ணுக்கும் நீங்க பக்கத்துல இருக்கணும். தையல் மிஷின் ஓரமா போயிடும். வீடியோ கிளாஸ் இருக்கு, அத எடுத்தா நீங்க கொஞ்சம் ஒதுங்கலாம், செலவு கூடும், பசங்க ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்திருக்கற நேரமும் கூடும். உங்க வீட்டு வருமானம் எப்படின்னு நான் கேக்க மாட்டேன், ஆனா ஒரு பிளவுஸ் தச்சா என்ன வரும் ஒரு வருஷத்துக்கு புக்கு என்ன ஆகும்னு ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, அபெக்காக்கு மாறினாலும் குவாட்டர் உங்கள விடாது. அதுலயும் டாலர் செண்ட்தான், இஞ்ச் அடி பவுண்டு காலன்தான், சரித்திரம்னா அமெரிக்கா சரித்திரம்தான். அந்த ஊருக்காரங்க அவங்க பசங்களுக்கு எழுதினது, அவங்கள சொல்லி குத்தமில்ல.

சன்லைட்னு நீங்க கேட்டது சோப்பு இல்லங்கறது எனக்கே லேட்டாத்தான் தெரியும். குமாரன்னு அர்த்தம் வர்ற சன். 1990ல ஆரம்பிச்சது, பாடபுத்தகத்துக்கு பதிலா கதை புக்கு கட்டு கட்டா அனுப்புவாங்க, அம்மா சத்தமா வாசிக்கணும், ரெண்டு பிள்ளையையும் ஒண்ணா உக்கார வச்சு நடத்தலாம், அது பெரிய ப்ளஸ். உங்க பையன் பிரச்சனைக்கு அந்த பாணி நல்லாவே ஒத்துவரும். ஆனா அவ்ளோ புக்கு கடல் தாண்டி வரணும், கூரியர் பில்ல பாத்தா தலை சுத்தும்.

நான் உங்க எடத்துல இருந்தா இங்கிலீஷ மட்டும் மாத்துவேன். மத்தத மார்ச் வரைக்கும் அப்படியே ஓட்டுவேன்.

ஸ்டான்லி_பக்கம்

எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. இவ்ளோ கஷ்டப்பட்டு அமெரிக்கா புக்கு வாங்கி, அதுல இல்லாத தமிழுக்கு தனியா அழுது, இல்லாத ரூபாய்க்கு தனியா அழுது, எதுக்கு? பக்கத்துல கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சேருங்க, புக்கு ஃப்ரீ, சின்ன கிளாஸ்னா காலைல டிஃபனும் போடறாங்க. நானும் சர்ச்சுக்கு போறவன்தான், சண்டே ஸ்கூல் டீச்சர். பைபிள வீட்டுல ராத்திரி அரை மணி நேரம் சொல்லிக்குடுத்தா பத்தாதா? பையன் வாயே திறக்க மாட்டேங்கறான்னு அவங்களே எழுதியிருக்காங்க, நாலு பசங்களோட வெளையாடினா தானா திறப்பான்.

மணலி_ரெண்டு_பசங்க

ஸ்டான்லி பிரதர் சொன்னத ஓரமா தள்ளிட வேணாம், சட்டத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்து 2010 ஏப்ரல் 1லேர்ந்து அமல்ல இருக்கு. 6லேர்ந்து 14 வயசு வரைக்கும் பிள்ளைய பக்கத்து ஸ்கூல்ல சேக்கறது பெத்தவங்க கடமைன்னுதான் அதுல எழுதியிருக்கு, வீட்டுல சொல்லிக்குடுக்கறத பத்தி தனியா ஒரு வார்த்தை கிடையாது. நாங்க எல்லாரும் அந்த இடைவெளிலதான் நிக்கறோம், அத மறைக்கக் கூடாது. அதே சட்டத்துல நமக்கு ஒரு நல்லதும் இருக்கு, ஸ்கூலுக்கே போகாத பிள்ளைய எப்ப கொண்டு போனாலும் அதோட வயசுக்கு ஏத்த கிளாஸ்ல சேத்துக்கணும். அதனால கதவு சாத்திடும்னு பயப்பட வேணாம்.

பத்தாவது பத்தி கேட்டீங்க. அமெரிக்கா கரிக்குலம் முடிச்சதுக்கு ஒரு சர்டிஃபிகேட் வரலாம், ஆனா இங்க காலேஜ்ல எடுத்துக்கறாங்களான்னு ஒவ்வொரு எடமா போய் கெஞ்சிட்டு நிக்க முடியாது. எங்க பெரியவ என்ஐஓஎஸ்ல, அதாவது நேஷனல் ஓப்பன் ஸ்கூல்ல, எழுதினா. சென்ட்ரல் கவர்மெண்ட் போர்டு, 14 வயசு முடிஞ்சிருக்கணும், எட்டாவது சர்டிஃபிகேட் இல்லன்னா பத்தாவது படிக்கற அளவுக்கு படிச்சிருக்கேன்னு நாமளே எழுதிக் குடுத்தா போதும். அஞ்சு பாடம், ஒவ்வொண்ணுலயும் 33 எடுக்கணும். ஏப்ரல் மே ஒரு தடவ, அக்டோபர் நவம்பர் ஒரு தடவ பரீட்சை, அஞ்சையும் ஒரே மூச்சுல எழுதணும்னு இல்ல, அஞ்சு வருஷம் டைம் இருக்கு, ரெண்டு ரெண்டா கூட முடிக்கலாம். அசைன்மெண்ட்டுக்கு 20 சதவீதம் மார்க், அத அலட்சியமா விட்டுடாதீங்க.

தமிழ அதுல ஒரு மொழிப்பாடமா எடுக்கலாம். எடுங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா 2021 டிசம்பர்ல போட்ட ஆர்டர்படி டிஎன்பிஎஸ்சி எழுதணும்னா தமிழ் தகுதித் தாள்ல 40 சதவீதம் எடுத்தாத்தான் மத்த பேப்பர திருத்தவே செய்வாங்க, அதுவும் பத்தாவது தர தமிழ். பையன் நாளைக்கு கலெக்டர் ஆபீஸ்ல வேலை வேணும்னு சொல்ல மாட்டான்னு என்ன நிச்சயம்?

உங்க பையனுக்கு 11, அதாவது கைல மூணு வருஷம் இருக்கு. ரெண்டு வருஷம் எந்த கரிக்குலம் வேணா நடத்துங்க, கடைசி வருஷம் என்ஐஓஎஸ் புக்குக்கு வந்துடுங்க. கணக்க மட்டும் இப்பவே சென்ட்ரல் கவர்மெண்ட்டோட என்சிஇஆர்டி புக்குக்கு மாத்திடுங்க, பிடிஎஃப் ஃப்ரீயா கிடைக்குது, லட்சம் கோடி கிலோ மீட்டர் எல்லாம் அதுல வந்துடும், கமா சண்டையும் ஓஞ்சிடும். சயின்ஸ்ல படைப்பு பரிணாமம்னு வர்ற எடத்துல வீட்டுல பேச வேண்டியத பேசிக்கங்க, பேப்பர்ல புக்குல இருக்கறத எழுத சொல்லுங்க, நாங்க அப்படித்தான் பண்ணோம்.

ராயபுரம்_அக்கா

எல்லாரும் அந்த அமெரிக்கா புக்கயே சுத்தி சுத்தி வர்றீங்க. தம்பி, தங்கச்சி, வீட்டுல ஒரு தாத்தா உக்காந்திருக்காரே அவர யாரும் கண்டுக்கலயே.

கொடுங்கையூர் தங்கச்சி, ஃப்ரீயா எதாவதுன்னு கேட்டல்ல, ஆம்பிள்சைட் ஆன்லைன்னு ஒண்ணு இருக்கு, இங்கிலாந்துல சார்லட் மேசன்னு ஒரு அம்மா இருந்தாங்க 1842லேர்ந்து 1923 வரைக்கும், அவங்க முறைய வச்சு பண்ணது. 12 வாரம் ஒரு டேர்ம், மூணு டேர்ம், 36 வாரம். நான் அத முழுசா எடுத்துக்கோன்னு சொல்ல வரல, அதுல நெறைய புக்கு பழைய இங்கிலீஷ், உன் பையன் திணறுவான். ஆனா அவங்க சொல்ற ஒரு பழக்கத்த எடுத்துக்கோ. ஒரு பகுதிய ஒரே ஒரு தடவ வாசிக்கணும், புக்க மூடிடணும், பிள்ளை அத தன் சொந்த வார்த்தைல திருப்பிச் சொல்லணும். கேள்வி கிடையாது, கோடிட்ட இடம் கிடையாது. மொத ரெண்டு வாரம் "ஒருத்தன் போனான், வந்தான்"னு முடிச்சுடுவான், விட்டுடு, திருத்தாத, நடுவுல பேசாத. ஒரு மாசத்துல நீளும். அதுக்கப்புறம் வாரம் ஒண்ண எழுதச் சொல்லு. வாய்ல வாக்கியம் வராத பிள்ளைக்கு கைல எப்படி வரும்?

இத தமிழ்ல பண்ணு. மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம்தான், எல்லாம் சின்ன சின்ன சம்பவம். தாத்தா வாசிக்கட்டும், அவன் கேட்டு பேச்சுத் தமிழ்ல சொல்லட்டும். நம்ம பைபிள் தமிழ் பழசு, "அவர் அவர்களை நோக்கி"ன்னு இருக்கறத "அவங்கள பாத்து சொன்னாரு"ன்னு அவன் மாத்தி சொல்றப்பவே ரெண்டு தமிழும் அவனுக்கு உள்ள போயிடும். எழுத்து கூட்டறதுக்கு சமச்சீர் ரெண்டாவது மூணாவது தமிழ் புக்கு போதும், 11 வயசுல மூணாவது புக்கான்னு அவன் வெக்கப்பட்டா தங்கச்சிக்கு சொல்லிக்குடுன்னு அவன் கைல குடு, சின்னவளும் படிச்சுடுவா.

சரித்திரம் சொல்றேன் கேளு. அமெரிக்காவுக்கு கப்பல்ல போனவங்க கதைய எம் பசங்க மூணு தடவ படிச்சாங்க, தரங்கம்பாடிக்கு 1706ல கப்பல்ல வந்த மிஷனரி சீகன்பால்கு யாருன்னு தெரியல. தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சடிச்சது அவருதான், அவங்க ஆயா கைல இருக்கற பைபிளோட கொள்ளுத்தாத்தா அது. 1761ல இங்கிலீஷ்காரன் பாண்டிச்சேரிய புடிச்சப்போ ஃப்ரெஞ்சுக்காரன்கிட்டேர்ந்து எடுத்த அச்சு மிஷின் வேப்பேரிக்குத்தான் வந்துச்சு, ஃபப்ரீஷியஸ் ஐயர்னு ஒரு ஜெர்மன் மிஷனரி கைக்கு, அவரு போட்ட தமிழ் இங்கிலீஷ் அகராதி 1779ல வேப்பேரிலதான் அச்சாச்சு. கொடுங்கையூர்லேர்ந்து பஸ் ஏறினா வேப்பேரி எவ்ளோ நேரம்? எங்க ராயபுரம் ஸ்டேஷன் 1856, தென்னிந்தியால மொத ரயில் கிளம்பின எடம், பசங்கள கூட்டிட்டு போய் காட்டினேன், அந்த தூணையெல்லாம் தொட்டுத் தொட்டு பாத்தாங்க.

அப்புறம் பின்னி மில்லுன்ன. 1918ல வாடியாவும் திரு.வி.க.வும் சேந்து தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சது அந்த மில்லு ஆளுங்கள வச்சுத்தான், இந்தியாவுல தொழிற்சங்கம்னு பேச ஆரம்பிச்சா அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க. உங்க மாமனாருக்கு அதுக்கப்புறம் நடந்தது பாதி தெரிஞ்சிருக்கும். உன் பையன் நோட்டு பேனாவோட அவர் முன்னாடி உக்காரட்டும், கேள்வி கேக்கட்டும், எழுதட்டும். அந்த புக்க எந்த கம்பெனிக்காரனும் கூரியர்ல அனுப்ப மாட்டான்.

வியாசர்பாடி_பிரதர்

அக்கா சூப்பர். எங்க நைனாவும் பின்னிதான். நான் இது வரைக்கும் ஒரு கேள்வி கேட்டதில்ல அவர, இப்ப கேக்கவும் முடியாது.

கொடுங்கையூர்_அம்மா

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, கல்யாண சீசன், பிளவுஸ் மலை மாதிரி குவிஞ்சிருந்துச்சு.

பிரதர், ஆன்சர் புக்கு எங்க இருந்துச்சுன்னு கேட்டீங்க. அவன் மேஜைலதான், நோட்டுக்கு அடியிலயே. இப்ப ஃப்ரிட்ஜ் மேல. பழைய டெஸ்ட்ட முன்னாடி உக்கார வச்சு எழுத வச்சேன், கணக்குல நாலு புக்கு பின்னாடி போக வேண்டியதாயிடுச்சு, அவன் அழுதான், நானும் உள்ள போய் கொஞ்சம் அழுதேன். ஸ்டான்லி பிரதர், நீங்க எழுதினத படிச்சப்போ மொதல்ல கோவம் வந்துச்சு, எங்க வீட்டுக்காரரு மட்டும் "அந்த ஆளு சொல்றதும் சரிதானே"ங்கறாரு. அடுத்த ஜூன்ல அதையும் பேசி முடிவு பண்ணலாம்னு இருக்கோம், இப்போதைக்கு தெருப் பசங்களோட கேரம் விளையாட அனுப்பறேன்.

அபெக்கா வேணாம்னு விட்டாச்சு, என் நேரத்துக்கு ஆகாது. மீதி புக்க முடிக்கறோம். ரெண்டு பேருக்கும் கணக்கு மட்டும் என்சிஇஆர்டி, ஜெராக்ஸ் கடைல ஸ்பைரல் போட்டாச்சு. தினம் ராத்திரி மாற்கு. மொத வாரம் அக்கா சொன்ன மாதிரியே "அவரு வந்தாரு, சொகமாக்கினாரு, போயிட்டாரு." இப்ப கூரைய பிரிச்சு ஆள இறக்கின கதைய சொன்னான் பாருங்க, நம்ம வீட்டு ஆஸ்பெஸ்டாஸ்னா எப்படி பிரிப்பாங்க, வீட்டுக்காரரு கத்த மாட்டாரான்னு அவனே கேள்வி கேட்டு நிறுத்தாம பேசினான், மாமனார் சிரிச்ச சிரிப்புக்கு இருமல் வந்துடுச்சு.

மில்லு பத்தி ஏழு வரி எழுதியிருக்கான், தமிழ்ல. மில்லு சங்கு ஊதினா ஊரே எந்திரிக்கும்னு ஆரம்பிச்சிருக்கான். ர போட வேண்டிய எடத்துல எல்லாம் ற. திருத்தட்டுமான்னு மாமனார கேட்டேன், இருக்கட்டும் விடுன்னாரு, அந்த பேப்பர மடிச்சு அவரு பைபிள்ளயே வச்சிட்டாரு.

யார்கிட்டயாவது பழைய மூணாவது தமிழ் புக்கு இருக்கா? பெரம்பூர் வியாசர்பாடி பக்கம்னா நானே வந்து வாங்கிக்கறேன்.

பெரம்பூர்_டீச்சரம்மா

மூணு பருவமும் இருக்கு சிஸ்டர். ரெண்டாம் பருவத்துல கடைசி நாலு பக்கம் இல்ல, எம் பொண்ணு ராக்கெட் விட்டுட்டா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாங்க, வர்றப்போ மறக்காம ஒரு அளவு பிளவுஸ் வாங்கிட்டு போங்க, எனக்கும் கிறிஸ்மஸுக்கு ஒண்ணு தைக்கணும்.